இரண்டு உயிர் மிச்சம்

ஐந்து வெள்ளிக்கிழமையாக
நாலாவது சுற்றிலேயே செத்துப்போகிறேன்.

கீழக்கரையில் ஒரு செல்போன் கடையின் மாடி.
விலைபோகாத சார்ஜர்கள் தொங்கும் சுவர்,
அதன் கீழ் மூன்று பிளாஸ்டிக் மேசை.
எதிரில் ஜுல்பிகார், வயது பதினேழு.
அவன் மாமு துபாயிலிருந்து அனுப்பிய சிவப்புக் கட்டில்
ஒவ்வொரு சீட்டும் என் ஒருநாள் சம்பளம்.
முதல் சுற்றில் ஒரு தீக்குள்ளன்.
இரண்டாவதில் இன்னும் இரண்டு.
மூன்றாவதில் நான் கையை விரித்துப் பார்க்கும் முன்பே
"அக்கா, ஏழு அடி. எழுதிக்கங்க."

எழுதிக்கொள்வது என் தொழில்தான்.
மண்டபத்தில் ஐஸ் கம்பெனிக் கணக்கு.
இப்போது தடைக்காலம்,
விசைப்படகெல்லாம் கயிற்றில் கிடக்கிறது,
பாதிச் சம்பளம்.
கையில் முன்னூற்று நாற்பது,
பஸ்ஸுக்கு எழுபது போனால்
இருநூற்று எழுபதில் ஒரு கோட்டை கட்ட வேண்டும்.

முதலில் வெள்ளிச்சிறகு நாகத்தை வெளியே எடுத்தேன்.
எனக்கு ரொம்பப் பிடித்த சீட்டு.
ஆனால் அது இறங்கும் நேரத்தில்
நான் ஒருநாளும் உயிரோடு இருந்ததில்லை.

உப்புச்சுவர் நாலு, ஒன்று ஐந்து ரூபாய்.
அடிக்கத் தெரியாது, நிற்கத் தெரியும்.
மருத்துவச்சி நாலு, பத்துப் பத்து ரூபாய்.
வரும்போது மூன்று உயிர் கொண்டு வருவாள்.
பெருவெள்ளம்: களத்தில் நிற்கும் எல்லாவற்றையும் வழித்துப் போகும்,
நம்முடையதையும்.
தொண்ணூறு ரூபாய். இரண்டுதான் முடிந்தது.
கடைசியாக, யாரும் தொடாத பெட்டியில்
பதினைந்து ரூபாய்க்கு ஓர் ஆவுளியா.
எங்கள் கடலில் புல் மேய்வதை
எந்த ஊரிலோ இருந்து யாரோ வரைந்திருக்கிறார்,
தலையில் கிரீடம், கண் மட்டும் மாட்டுக்கண்.
இறக்க ஆறு சுற்று ஆகும்.
அதனால்தான் பதினைந்து.

மிச்சம் பதினைந்துக்கு டீயும் வடையும்.

ஆறாவது வெள்ளி.
இருபதில் தொடங்கி, பதினாறு, பதினொன்று.
சுவர் ஒன்று முளைத்தது. அதையும் எரித்தான்.
நாலாவது சுற்றில் உயிர் ஆறு.
கையில் வெள்ளம் இருக்கிறது.
போடவில்லை.
அவன் கையில் இன்னும் இரண்டு சீட்டு,
அதுவும் இறங்கட்டும்.
மேசைக்கடியில் என் கால் ஆடியதை
அவன் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.
"முறை உங்களுது. தூங்கிட்டீங்களா?"
தூங்கவில்லை தம்பி, கணக்குப் பார்க்கிறேன்.

இறக்கினான், இரண்டையும்.
அடித்தான். இரண்டு உயிர்.

அப்புறம் வெள்ளத்தை வைத்தேன்.

ஐந்து தீக்குள்ளன்களையும் அவன் ஒவ்வொன்றாக
எடுத்து அடுக்கியபோது
பக்கத்து மேசையில் ஆட்டம் நின்றிருந்தது.
வெறுங்கை ஒரு மாதிரி அகலமாகத் தெரிகிறது.
மருத்துவச்சி வந்தாள், ஐந்து.
அவன் கட்டிலிருந்து உருவியதோ தீப்பொறி,
திரும்ப இரண்டு.
அடுத்து உருவியது ஒன்றுக்கும் ஆகாதது.
நான் ஆவுளியாவை இறக்கினேன்.
யாரோ சிரித்தார்கள்.
ஜுல்பிகார் சிரிக்கவில்லை,
சீட்டைத் திருப்பி எழுத்து எழுத்தாகப் படித்தான்.

அப்போது மணி எட்டே கால்.
எட்டரைக்கு ராம்நாடு பஸ்,
அதை விட்டால் வீடு சேர நடுராத்திரி.
கடைக்கார தாஹிர் பாய் மேசையைப் போட்டோ எடுத்தார்.
இரண்டு கட்டையும் வரிசை கலையாமல்
ரப்பர் பேண்டு போட்டு
வாரண்டிச் சீட்டு டிராயரில் வைத்துப் பூட்டினார்.
"அடுத்த வெள்ளி, இதே இடம்."
"அக்கா," என்றான் அவன் படியில்,
"உங்க கூட ஆடினா கொட்டாவி வருது."

பெரியபட்டினத்திலிருந்து வந்து ஆடும் பையன் ஒருத்தன்
பஸ் நிறுத்தத்தில் விலை கேட்டான். சொன்னேன்.
நம்பவில்லை.

ஒரு வாரமாக
ஐஸ் கம்பெனி நோட்டில் தேதி எழுதுகிறேன்,
வராத படகுகளின் பெயருக்கு நேராகக் கோடு போடுகிறேன்,
உயிர் இரண்டு.
அவனுக்கு ஒரே ஒரு தீப்பொறி போதும்.
கீழக்கரையில் இருட்டு டிராயருக்குள்
மேலாக இருக்கும் அந்தச் சீட்டு
ஏற்கெனவே எதுவோ ஒன்றாக இருக்கிறது.